இரண்டு காதிலும் நீர்: டியூப் வைப்பதா, பொறுப்பதா?

கேள்வி: எங்களுக்குச் சொந்த ஊர் கம்பம். குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்தில் இருக்கிறோம், வீட்டுக்காரருக்கு ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் வேலை. மகனுக்கு ஐந்தரை வயது, இங்கே மலையாள மீடியத்தில் ஒன்றாம் வகுப்பு. ஜூலை மழையில் காய்ச்சல் வந்து, இரண்டு காதும் வலிக்கிறது என்று ராத்திரி முழுக்க அழுதான். ஆன்டிபயாட்டிக் கொடுத்ததும் வலி போய்விட்டது. அதற்கப்புறம் எதைச் சொன்னாலும் ‘ஆங்?’ என்கிறான், டிவியைச் சத்தமாக வைக்கிறான், வாயைத் திறந்துகொண்டே தூங்குகிறான். கவனமே இல்லை என்கிறார் டீச்சர். ஆகஸ்ட் கடைசியில் ஈ.என்.டி. டாக்டரிடம் காட்டினோம். இரண்டு காதிலும் நீர் கோத்திருக்கிறது, வலது 35, இடது 40, டியூப் வைத்து மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதையையும் எடுக்க வேண்டும் என்றார். பயந்துபோய் வந்துவிட்டோம், மூன்று மாதம் ஆகப்போகிறது. முன்பெல்லாம் குமுளி மலையடிவாரத்தில் இருக்கும் லோயர் கேம்புக்கு இறங்கும்போது காதைப் பிடித்துக்கொண்டு அழுவான், இப்போது அழுவதே இல்லை, அதனால் சரியாகிவிட்டது என்கிறார் என் அம்மா. மிச்சம் இருந்தால் பூண்டு எண்ணெய் காய்ச்சி விடச் சொல்கிறார். மலையாளப் பள்ளியில் போட்டதால்தான் பிள்ளை குழம்பிப் பேச்சும் மந்தமாகிவிட்டது என்கிறார் மாமியார். ஆபரேஷன் செய்யலாமா? எட்டு மாதக் கைக்குழந்தை இருக்கிறாள், அவளுக்கும் வருமா? தயிர், வாழைப்பழத்தை நிறுத்திவிட்டோம், சரிதானா?

பதில்:

வணக்கம்மா. கேட்டது நாலைந்து கேள்வி, ஆனால் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த லோயர் கேம்ப் விஷயம்தான், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

குமுளியிலிருந்து கம்பம் வரை சுமார் 500 மீட்டர் இறக்கம். இறங்க இறங்க வெளிக்காற்றின் அழுத்தம் கூடும். செவிப்பறைக்கு உள்பக்கம், நடுச்செவியில், மேலே இருந்தபோது இருந்த அதே காற்றுதான் இருக்கும், அதனால் செவிப்பறை உள்ளே இழுபட்டு காது அடைக்கும், வலிக்கும். நாம் எச்சில் விழுங்கினால் மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழாய் திறந்து, ‘டப்’ என்று சரியாகிவிடும். சளி பிடித்த பிள்ளைக்குக் குழாய் சட்டென்று திறக்காது, அழும். சரி, இப்போது உங்கள் மகன் ஏன் அழவில்லை? குழாய் நன்றாகத் திறக்க ஆரம்பித்திருக்கலாம், அப்படியானால் சந்தோஷம். ஆனால் நடுச்செவி முழுக்க நீர் நிரம்பியிருந்தாலும் வலி வராது, ஏனென்றால் அழுத்தத்துக்குச் சுருங்க அங்கே காற்றே இல்லை. ‘ஆங்?’ என்று கேட்பதும் டிவி சத்தமும் குறையவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அம்மாச்சி சொல்வதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

நடந்தது என்னவென்று பார்ப்போம். ஜூலையில் வந்தது நடுச்செவியில் திடீர் தொற்று. சளியோடு கிருமி அந்தக் குழாய் வழியாக ஏறி, சீழ் வைத்து, காய்ச்சலும் வலியும் வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் குழாய் குட்டையாகவும் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டிலும் இருக்கும், பெரியவர்களுக்குச் சாய்வாக இறங்கும், அதனால்தான் இது பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கிற நோய். மருந்தில் கிருமி போய்விடும், ஆனால் நீர் உடனே வடியாது. தொற்று வந்த பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு மாதம் கழித்தும் நீர் இருக்கும், மூன்று மாதம் ஆகும்போது பத்தில் ஒருவருக்குத்தான் மிஞ்சும். நாள் ஆக ஆக அது கெட்டியாகி, உறிஞ்சி எடுத்தால் நூல் இழுக்கிற அளவுக்குப் பசையாகிவிடும். வலியும் இருக்காது, காய்ச்சலும் இருக்காது, காது கேட்காது, அவ்வளவுதான். பிள்ளைக்கும் ‘எனக்குக் கேட்கவில்லை’ என்று சொல்லத் தெரியாது, அவனைப் பொறுத்தவரை உலகம் அவ்வளவு சத்தத்தில்தான் இருக்கிறது.

ஒரு காதில் மட்டும் நீர் இருந்தால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டேன். இன்னொரு காது கைகொடுக்கும், பிள்ளை அந்தப் பக்கம் திரும்பிச் சமாளித்துவிடும், நாமும் நிதானமாகக் காத்திருக்கலாம். இரண்டு காதும் என்கிறபோது திரும்பிக்கொள்ளப் பக்கமே இல்லை.

35, 40 என்றால் என்ன? அது டெசிபல் கணக்கு, எந்த அளவு சத்தம் இருந்தால்தான் பிள்ளைக்குக் கேட்க ஆரம்பிக்கிறது என்பது. நல்ல காது உள்ள பிள்ளைக்கு 15, 20-க்குள் இருக்கும். அந்த கிராஃப் பேப்பரை எடுத்துப் பாருங்கள், வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள், அவை கீழே இறங்கி இருக்கும். அதே தாளில் மேலே அம்புக்குறி மாதிரியோ பகர அடைப்பு மாதிரியோ சின்னக் குறிகள் இருந்தால், அது எலும்பு வழியாக அளந்தது. அவை 20 என்ற கோட்டுக்கு மேல்பக்கமே, அதாவது 20-க்குள்ளேயே, நிற்கின்றன என்றால் உள்காதும் நரம்பும் நன்றாக இருக்கின்றன, தடை நடுவில் இருக்கும் நீர் மட்டும்தான் என்று அர்த்தம். கூட இன்னொரு சின்னச் சீட்டு இருக்கும், செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று காட்டும் டிம்பனோகிராம். அதில் குன்று போல ஏறி இறங்க வேண்டிய கோடு தரையோடு தட்டையாகப் போயிருக்கும், ‘பி’ என்று எழுதியிருப்பார்கள். அந்த எலும்புவழிக் குறிகள் தாளில் இல்லவே இல்லை என்றால் அடுத்த டெஸ்டின்போது கேட்டு வாங்குங்கள், அது முக்கியம்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். இரண்டு காதையும் விரலால் இறுக அடைத்துக்கொண்டு, வீட்டுக்காரரை அடுப்படியில் நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு, சாதாரணக் குரலில் ஏதாவது பேசச் சொல்லுங்கள். பேசுகிறார் என்று தெரியும், பாதி வார்த்தை பிடிபடாது. ஊகித்துக்கொள்வீர்கள், ஏனென்றால் உங்களுக்கு மொழி தெரியும். உங்கள் மகன் அந்த நிலையில் இருந்துகொண்டு, தகரக் கூரையில் துலாமழை அடிக்கிற வகுப்பில், பின்வரிசையில் உட்கார்ந்து, போன ஜூனில்தான் எழுத்தே ஆரம்பித்த ஒரு மொழியைக் கற்றுக்கொண்டிருக்கிறான். அவனுக்கு ஊகிக்க எதுவும் இல்லை. கவனமில்லை என்று டீச்சருக்குத் தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை.

மாமியாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்: மலையாளத்தின் மீது தப்பில்லை. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளரும் பிள்ளைகள் இந்த மலை முழுக்க இருக்கிறார்கள், பாதிப் பேர் கடைக்குப் போனால் மலையாளத்தில் கேட்டு, தமிழில் பேரம் பேசிவிட்டு வருவார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு மந்தமாவதில்லை. கொஞ்ச நாள் கலந்து பேசும், பிறகு தானே பிரித்துக்கொள்ளும். உண்மையில் காதில்தான் கோளாறு என்பதற்கு எளிய அடையாளம் ஒன்று உண்டு: மொழி மட்டும் பிரச்சினை என்றால் வீட்டில், தமிழில், நீங்கள் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவான். உங்கள் மகன் தமிழுக்கும் ‘ஆங்?’ என்கிறானே. தயவுசெய்து இந்தக் காரணத்துக்காகப் பாதி வருடத்தில் பள்ளியை மாற்றாதீர்கள். மாற்றினால் புதுப் பள்ளியிலும் அதே காதோடுதான் போய் உட்காருவான். அப்படி மாற்றிவிட்டு, அங்கேயும் ‘கவனமில்லை’ என்று கேட்டபிறகு காதைக் காட்ட வருகிற பெற்றோரை எல்லைப் பக்கம் அடிக்கடி பார்க்கிறேன்.

ஆபரேஷனுக்கு வருவோம். உங்களுக்கு டாக்டர் சொன்ன வைத்தியம் தவறில்லை. ஆனால் முதல்முறை பார்த்த அன்றே, ஒரே டெஸ்டை வைத்து முடிவு செய்ய வேண்டியதில்லை என்பதுதான் வழக்கமான வழிமுறை, ஏனென்றால் நான் மேலே சொன்னபடி பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று மாதத்தில் தானே வடிந்துவிடும். அண்ணப்பிளவு உள்ள பிள்ளைகள், டவுன் சின்ட்ரோம் உள்ளவர்கள், ஏற்கெனவே பேச்சு பின்தங்கியவர்கள், நரம்புக் காதுக் கேளாமை உள்ளவர்கள், இவர்களுக்கு அந்த மூன்று மாதப் பொறுமை பொருந்தாது. உங்கள் மகன் அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, நீங்கள் பயந்து வந்தது எப்படியோ சரியான காத்திருப்பாக அமைந்துவிட்டது, ஆனால் காத்திருப்பு என்றால் ஒரு தேதி வைத்துக்கொண்டு காத்திருப்பது, அந்தத் தேதி இப்போது வந்துவிட்டது. இந்த மாதமே இரண்டு டெஸ்டையும் மறுபடி எடுங்கள். சளி பிடித்திருக்கிற வாரத்தில் எடுக்க வேண்டாம், அது தேவையில்லாமல் கணக்கைக் குழப்பும்.

இரண்டு காதில் எது நன்றாக இருக்கிறதோ அதில் அளவு 25, 30 டெசிபலைத் தாண்டியே இன்னமும் நின்றால், டிம்பனோகிராம் கோடும் தட்டையாகவே இருந்தால், நான் டியூப் வைக்கச் சொல்வேன். ஒரு காது 20-க்கு வந்துவிட்டது, இன்னொன்றுதான் பாக்கி என்றால் இன்னும் மூன்று மாதம் பொறுக்கலாம். டெஸ்டில் முன்னேற்றம் தெரிகிறது, ஆனால் பள்ளியில் திணறுகிறான் என்ற நடுநிலையும் உண்டு, அப்போது சில மாதங்களுக்குக் காதுக்கருவி கொடுத்துச் சமாளிப்பதும் ஒரு வழி, ஆபரேஷனே வேண்டாம் என்று உறுதியாக இருக்கும் வீடுகளுக்கும் அதுதான் வழி. நம் பக்கத்தில் பிள்ளைக்கு மிஷின் மாட்டினால் ஊர் என்ன சொல்லுமோ என்று நிறையப் பேர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது, ஒத்துக்கொள்ள முடியவில்லை.

டியூப் என்றதும் நீளமாக எதையோ செருகுவார்கள் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. கிரோமெட் என்று பெயர், அரிசிமணியை விடச் சின்னது. நூல் கண்டு போன்ற வடிவத்தில் நடுவே துளையோடு இருக்கும். மயக்கம் கொடுத்து, மைக்ரோஸ்கோப் வைத்து, செவிப்பறையில் சின்னதாகக் கீறி, நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு அதைப் பொருத்துவார்கள், வெளியே தையல் கிடையாது, இரண்டு காதுக்கும் சேர்த்து கால் மணி நேர வேலை. நீரை எடுப்பதை விட முக்கியம், குழாய் திறக்காத காலம் முழுக்க நடுச்செவிக்கு அந்தத் துளை வழியாகக் காற்று போய்வருவதுதான். 1954-இல் அமெரிக்காவில் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மருத்துவர் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார், அப்போதிருந்து உலகம் முழுக்கப் பிள்ளைகளுக்கு மிக அதிகமாகச் செய்யப்படும் ஆபரேஷன்களில் ஒன்று. பொதுவாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம், சில பிள்ளைகளுக்கு ஒன்றரை வருடம் கழித்துச் செவிப்பறை தானே அதை வெளியே தள்ளிவிடும், ஓட்டையும் மூடிக்கொள்ளும். கேட்பது உடனே மாறும். வார்டில் கண் விழித்த பிள்ளை ‘ஏன் எல்லாரும் கத்துறீங்க’ என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். சில பிள்ளைகளுக்கு டியூப் இருக்கும் காலத்தில் காது ஒழுகும், அதற்குச் சொட்டு மருந்து போதும், வாய்வழி மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. டியூப் விழுந்தபின் நீர் திரும்ப வந்து இரண்டாம் முறை வைக்க வேண்டி வருவதும் உண்டு. அரிதாக ஓட்டை மூடாமல் நின்றுவிடும். இன்னொன்று, டியூப் வைத்த பிள்ளையும் வைக்காத பிள்ளையும் ஒன்றரை வருடம் கழித்து அளந்தால் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் கேட்பார்கள், வயது ஏற ஏற குழாய் தானே சரியாகிவிடுகிறது. அப்படியானால் எதற்கு ஆபரேஷன் என்று கேட்பீர்கள். அந்த ஒன்றரை வருடம்தான் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும், அதனால்தான்.

மூக்குக்குப் பின்னால் சதை என்றது அடினாய்டு. குழாயின் வாயருகே வளர்ந்து அடைத்துக்கொள்ளும். உங்கள் மகன் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான், நான்கு வயதும் தாண்டிவிட்டது, இந்த இரண்டும் இருப்பதால் டியூப் வைக்கும்போதே அதையும் எடுப்பது நியாயமானதுதான், நீர் திரும்ப வருவதும் குறையும்.

ஆபரேஷன் ஆனால் குளிக்கலாமா என்பது அடுத்து வரும் கேள்வி. தலைக்குக் குளிக்கலாம், சோப்புத் தண்ணீர் காதுக்குள் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். கம்பம் போனால் முல்லைப் பெரியாற்றில் முங்கிக் குளிப்பதும் சுருளி அருவியில் தலையைக் கொடுப்பதும் டியூப் இருக்கிறவரை வேண்டாம். மலை இறங்கும்போது பயமே வேண்டாம், துளை இருப்பதால் அழுத்தம் தானே சமமாகிவிடும், காது அடைக்காது.

டெஸ்ட் வரைக்கும் சும்மா இருக்க வேண்டுமா? மூக்கால் ஊதிப் பெரிதாக்குகிற ஒரு பலூன் இருக்கிறது, இதற்கென்றே தனியாகச் செய்தது, சாதாரணப் பலூன் உதவாது. ஒரு மூக்கை மூடிக்கொண்டு இன்னொன்றால் ஊதும்போது குழாய் திறக்கும். பிரிட்டனில் 4 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் செய்து 2015-இல் வெளியான ஆய்வில், ஒரு மாதம் ஊதியவர்களில் 47 சதவீதத்துக்கும் ஊதாதவர்களில் 36 சதவீதத்துக்கும் ஒரு காதாவது சரியாகியிருந்தது. பெரிய வித்தியாசமில்லை, ஆனால் கெடுதல் இல்லாத வித்தியாசம். ஐந்தரை வயதுக்காரன் விளையாட்டாகச் செய்துவிடுவான். சளி கடுமையாக இருக்கும் நாளில் மட்டும் வேண்டாம்.

மற்றபடி மெடிக்கலில் வாங்கிய சளி டானிக், அலர்ஜி மாத்திரை, திரும்பத் திரும்ப ஆன்டிபயாட்டிக், இவை எதுவும் இந்த நீரை வடியவைக்காது. பூண்டு எண்ணெய் செவிப்பறைக்கு வெளியேதான் நிற்கும், நீர் இருப்பது உள்ளே, ஆக அது போய்ச் சேரவே சேராது. செவிப்பறையில் ஓட்டை விழுந்திருந்தால் மட்டும் போய்ச் சேரும், அப்போதுதான் அது நிஜமாகவே ஆபத்து. எண்ணெய் சூடு தெரியாமல் ஊற்றிக் காது வெந்த பிள்ளைகளும் வருகிறார்கள். அம்மாச்சியின் அன்புக்கு வேறு வேலை கொடுங்கள்: பையனைத் தொட்டு, முகத்தைப் பார்க்கவைத்து, டிவியை அணைத்துவிட்டு, தினமும் கதை சொல்லட்டும். அது வைத்தியமேதான்.

டீச்சரிடம் நேரில் போய், டாக்டர் சீட்டைக் காட்டி, முன்வரிசையில் உட்காரவைக்கவும் அவன் முகத்தைப் பார்த்துப் பேசவும் கேளுங்கள். கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசினால் அவனுக்கு எதுவும் எட்டாது. இதைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், இன்றைக்கே செய்யக்கூடியது, காசும் ஆகாது.

வீட்டுப் புகையையும் கவனியுங்கள். விறகடுப்பு, ஏலக்காய் ஸ்டோர் புகை, பீடி சிகரெட் எல்லாமே இந்தக் குழாயின் உள்சவ்வை வீங்கவைக்கும். வீட்டுக்காரர் புகைப்பவராக இருந்தால் வாசலில் நின்று புகைத்துவிட்டு உள்ளே வந்து பிள்ளையைத் தூக்குவதும் கணக்கில் சேரும்.

காது ஒழுக ஆரம்பித்தால், அதிலும் நாற்றமோ ரத்தமோ இருந்தால், காதுக்குப் பின்னால் வீங்கி மடல் முன்னுக்குத் தள்ளினால், வாய் ஒரு பக்கம் கோணினால், கடும் தலைவலியோடு கழுத்து விறைத்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. டெஸ்ட் தேதி வரட்டும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.

கைக்குழந்தைக்கு: வரலாம், அண்ணனுக்கு வந்த வீடு, ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை இந்தத் தொற்று அதிகம் வரும் பருவமும்கூட. தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் தொடருங்கள். பாட்டிலாக இருந்தால் படுக்கவைத்துப் புகட்டாதீர்கள், தலையைத் தூக்கிப் பிடித்துக் கொடுங்கள். இந்தத் தொற்றைக் கொண்டுவரும் கிருமிகளில் ஒன்றைத் தடுக்கும் நிமோகாக்கல் தடுப்பூசி 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என்று மூன்று தவணை, 2021-லிருந்து நாடு முழுக்க அரசு மையங்களில் இலவசம். உங்கள் மகளுக்கு மூன்றாவது தவணை அடுத்த மாதம் வருகிறது, கார்டை எடுத்துப் பாருங்கள். காய்ச்சலோடு காதை இழுத்து இழுத்து அழுதால் டாக்டர் இரண்டு காதையும் பார்க்க வேண்டும். இரண்டு வயதுக்குள் இரண்டு காதிலும் தொற்று என்றால் வலி லேசாகத் தெரிந்தாலும் பொறுத்துப் பார்ப்பதில்லை, ஆன்டிபயாட்டிக் கொடுப்போம். ஆறு மாதம் தாண்டி, ஒரு காதில் மட்டும், அதுவும் லேசாக என்றால் வலிக்கு மருந்து கொடுத்து இரண்டு மூன்று நாள் பார்க்கலாம்.

எங்கே போவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். குமுளியிலிருந்து இறங்கினால் தேனி அரசு மருத்துவக் கல்லூரி, அந்தப் பக்கம் என்றால் கோட்டயம் மருத்துவக் கல்லூரி. ரேஷன் கார்டு எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் காப்பீடு என்பதால், ஆபரேஷன் என்று முடிவானால் தேதி வாங்கும் முன்பே அங்கிருக்கும் காப்பீட்டு கவுண்டரில் கேட்டுவிடுங்கள், எல்லையில் இருப்பவர்கள் இந்த இடத்தில்தான் அலைக்கழிகிறார்கள். ஆகஸ்ட் மாத கிராஃபைக் கையோடு எடுத்துப் போங்கள், அது இல்லாவிட்டால் புதிய டாக்டர் மூன்று மாதத்தை முதலிலிருந்து எண்ணத் தொடங்கிவிடுவார்.

தயிரும் வாழைப்பழமும் கொடுங்கள். அவற்றுக்கும் காதில் இருக்கும் நீருக்கும் சம்பந்தமில்லை.